மாஸ்க் போட்டால் வைரஸ் பரவாதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்க் போட்டால் வைரஸ் பரவுவது உண்மையிலேயே குறையுமா?

குறையும். "எவ்வளவு?" என்று அடுத்த கேள்வி வந்தால்தான் சிக்கல். என்ன மாஸ்க், கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா, யார் முகத்தில் இருக்கிறது, எந்த மாதிரி அறை, எத்தனை நேரம் என்று ஒவ்வொன்றும் மாற மாற விடையும் மாறும். முகத்தோடு கச்சிதமாகப் பொருந்திய என்95ஐயும் மோவாயில் தொங்கும் ஒற்றை மடிப்புத் துணியையும் 'மாஸ்க்' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

கோவிட் வைரஸின் அளவு 0.1 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மாஸ்க்கின் துளை அதைவிடப் பெரிது. பிறகு எப்படித் தடுக்கும்?

மாஸ்க்கைச் சல்லடையாக நினைத்தால் இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். சல்லடையில் துளையைவிடச் சிறியது விழும், பெரியது நிற்கும். மாஸ்க் வேலை செய்யும் விதமே வேறு.

முதலில், வைரஸ் தனியாகப் பறந்து வருவதில்லை. உமிழ்நீர், சளி, உப்பு, புரதம் எல்லாம் கலந்த துளிக்குள் உட்கார்ந்து வருகிறது. வாயைவிட்டு வெளியே வந்ததும் துளியின் நீர் ஆவியாகும், துளி சுருங்கும். சுருங்கிய பிறகும் பெரும்பாலும் அது வைரஸைவிடப் பெரிதாகவே இருக்கும்.

அடுத்து, சர்ஜிக்கல் மாஸ்க்கிலும் என்95இலும் இருக்கும் வடிகட்டும் அடுக்கு தட்டையான வலை கிடையாது. தாறுமாறாகக் கிடக்கும் மெல்லிய இழைகளின் புதர் அது. காற்று அதற்குள் நெளிந்து வளைந்துதான் வெளியேற வேண்டும். ஒரு மைக்ரானுக்கு மேற்பட்ட துகள், காற்று திரும்பும் இடத்தில் தானும் திரும்ப முடியாமல் நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். வேகமாக வந்த வண்டி வளைவில் சாலையை விட்டு இறங்குகிறதே, அதே கதை. 0.1 மைக்ரானுக்கும் குறைவான துகளுக்கு வேறு தலையெழுத்து. காற்றின் மூலக்கூறுகள் நாலாபுறமும் முட்டித் தள்ளுவதால் அது தள்ளாடிக்கொண்டே போகும். பிரவுனிய இயக்கம் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். தள்ளாடிப் போகிற ஒன்று அத்தனை இழைகளுக்கு நடுவே எதிலும் முட்டாமல் வெளியேறுவது கடினம். முட்டினால் ஒட்டும். ஒட்டினால் எளிதில் விடாது.

ஆக, பெரியதும் பிடிபடுகிறது, மிகச் சிறியதும் பிடிபடுகிறது. நடுவில் இருப்பதுதான் அதிகம் தப்புகிறது. நேரே போய் மோதும் அளவுக்குக் கனமும் இல்லை, இழைதோறும் முட்டும் அளவுக்குத் தள்ளாட்டமும் இல்லை. அந்த நடுத்தர அளவு ஏறத்தாழ 0.3 மைக்ரான். என்95 மாஸ்க்கை 0.3 மைக்ரான் துகளை விட்டுச் சோதிப்பது அதனால்தான். '0.3க்குக் கீழே போனால் மாஸ்க் பிடிக்காது' என்று பரவிய செய்தி இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டது. பிடிக்கக் கடினமான அளவைத் தேடி எடுத்துத்தான் சோதனையே வைக்கிறார்கள்.

என்95 என்ற பெயருக்கு என்ன பொருள்?

95 என்பது அந்தச் சோதனையில் குறைந்தது 95% துகளைப் பிடிக்கும் என்பதற்கு. 'என்' என்ற எழுத்து, எண்ணெய்த் துகளுக்கு இது தாங்காது என்பதற்கு. அது தொழிற்சாலைக்காரர்களின் கவலை, நமக்கு வேண்டாம். அமெரிக்காவின் தொழிலகப் பாதுகாப்பு நிறுவனம் வகுத்த தரம் இது. ஐரோப்பாவின் எஃப்எஃப்பி2 குறைந்தது 94%, சீனாவின் கேஎன்95 95%, தென்கொரியாவின் கேஎஃப்94 94%. பெயர்தான் வேறு வேறு. சாதாரண மனிதருக்கு எல்லாம் ஒரே குடும்பம்.

இத்தனை நன்றாக வடிகட்டும் மாஸ்க் வழியே எப்படி மூச்சுவிட முடிகிறது என்பதுதான் சுவையான பகுதி. பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, சூடான காற்றால் ஊதி, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளாக்குகிறார்கள். பிறகு அந்த இழைகளில் நிலையான மின்னேற்றத்தைப் பதிக்கிறார்கள். தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பது போல, இழை தன் பக்கத்தில் வரும் துகளை இழுத்துக்கொள்ளும். அதனால் அடுக்கைத் தடிமனாக்காமலே வடிகட்டும் திறன் பல மடங்கு ஏறுகிறது. இந்த மின்னேற்றும் முறைகளில் ஒன்றை உருவாக்கி 1995இல் காப்புரிமை பெற்றவர் தைவானில் பிறந்த பீட்டர் சாய், அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். கோவிட் வந்தபோது ஓய்விலிருந்து திரும்பி, என்95ஐக் கெடுக்காமல் மறுபடி பயன்படுத்துவது எப்படி என்ற ஆராய்ச்சியில் இறங்கினார். மாஸ்க்கைத் துவைக்கலாமா என்ற கேள்விக்கு வரும்போது இந்த மின்னேற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைரஸ் துளியில் பரவுகிறதா, காற்றில் பரவுகிறதா?

இரண்டும். ஆனால் மருத்துவ உலகம் இந்த இரண்டையும் வெகுகாலம் கறாராகப் பிரித்து வைத்திருந்தது. 5 மைக்ரானுக்கு மேலிருந்தால் துளி, ஓரிரு மீட்டரில் தரையில் விழுந்துவிடும். கீழிருந்தால் காற்றில் மிதக்கும் என்று பாடநூல்கள் கோடு கிழித்தன. அந்தக் கோடு விழுந்த இடம் தவறு. சில நொடிகளில் தரையில் விழுவதற்குத் துளி ஏறத்தாழ 100 மைக்ரான் இருக்க வேண்டும். 5 மைக்ரான் துகள், காற்று அசையாத அறையில்கூடத் தலை உயரத்திலிருந்து தரைக்கு வர அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளும். துளி விழுவதற்கும் ஆவியாவதற்கும் நடக்கும் போட்டியை அமெரிக்க ஆராய்ச்சியாளர் வில்லியம் வெல்ஸ் 1934லேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். 5 என்ற எண் காசநோய் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய துகளின் அளவு அது. எவ்வளவு தூரம் பறக்கும் என்ற கேள்விக்கு அதை யாரோ விடையாக்கிவிட்டார்கள்.

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். ஒருவருக்குச் சளித் தொந்தரவு போல ஏதோ இருந்தது. பிறகு கணக்கெடுத்தபோது, சோதனையில் உறுதியானவர்களும் அறிகுறியை வைத்துச் சேர்த்தவர்களுமாக 53 பேருக்குத் தொற்று. இருவர் இறந்துபோனார்கள். மூடிய அறையில் ஒருவர் பாடினால் அது அறை முழுவதற்கும் போகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பேசினாலே நுண்திவலை, அதாவது காற்றில் மிதக்கும் மிகச் சிறு துளி, வரும். உரக்கப் பேசினாலும் பாடினாலும் பல மடங்கு வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2024 ஏப்ரலில் பழைய துளி, காற்று என்ற பிரிவைக் கைவிட்டு, 'தொற்றைச் சுமக்கும் சுவாசத் துகள்கள்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை ஏற்றுக்கொண்டது. மாஸ்க் விஷயத்தில் இதனால் என்ன மாறுகிறது? பெரிய துளிக்கு வாய்க்கு முன்னால் ஏதாவது தடுப்பு இருந்தாலே போதும். மிதக்கும் துகளுக்கு அது போதாது. காற்று எந்த இடுக்கில் போகிறதோ அதே இடுக்கில் துகளும் போய்விடும். எனவே துணியின் தரத்தைவிட ஓரத்தில் உள்ள இடைவெளி முக்கியமாகிவிடுகிறது.

மாஸ்க் என்னைக் காப்பாற்றுமா, எதிரில் இருப்பவரைக் காப்பாற்றுமா?

எதிரில் இருப்பவரைத்தான் அதிகம். வாயைவிட்டு வெளியேறும் கணத்தில் துளி ஈரமாக, பெரிதாக, ஒரே திசையில் வேகமாக வருகிறது. அப்போது பிடிப்பது எளிது. அதே துளி சுருங்கி அறை முழுக்கக் கலந்தபின் இன்னொருவர் தன் மாஸ்க்கால் அதைப் பிடிப்பது கடினம். ஹாங்காங்கில் சளி, காய்ச்சலோடு வந்தவர்களின் மூச்சைச் சேகரித்துப் பார்த்தார்கள். சாதாரண ஜலதோஷத்தைத் தரும் கொரோனா வைரஸ்கள், மாஸ்க் இல்லாமல் மூச்சுவிட்டவர்களில் ஒரு பகுதியினரின் துளியிலும் நுண்திவலையிலும் கிடைத்தன. சர்ஜிக்கல் மாஸ்க் அணிந்தவர்களிடம் கிடைக்கவில்லை. 2020இல் வெளியான ஆய்வு இது.

இருவரும் அணிந்தால் பலன் பெருக்கலாக வரும். பேச்சுக்கு, என் மாஸ்க் பாதியைத் தடுக்கிறது, உங்கள் மாஸ்க்கும் பாதியைத் தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களை வந்தடைவது கால்பங்குதான்.

இதற்கு அடிக்கடி சொல்லப்படும் சாட்சி, 2020 மே மாதம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு முடிதிருத்தகத்தில் நடந்தது. கோவிட் அறிகுறியோடு இரண்டு பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். 139 வாடிக்கையாளர்கள் வந்துபோனார்கள். இரு பக்கமும் மாஸ்க். சோதனைக்கு ஒப்புக்கொண்ட 67 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை. மற்றவர்களுக்கும் அறிகுறி தெரியவில்லை. எனக்கு இந்தக் கதை பிடிக்கும். ஆனாலும் இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன். மாஸ்க் இல்லாத இன்னொரு முடிதிருத்தகம் ஒப்பிட இல்லையே.

எனக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. நான் ஏன் போட வேண்டும்?

கோவிட் வைரஸ் அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கிவிடுகிறது. சிலருக்கு அறிகுறி வருவதே இல்லை. பெய்ஜிங்கில் தொற்று நுழைந்த 124 குடும்பங்களை 2020இல் ஆராய்ந்தார்கள். முதல் நோயாளிக்கு அறிகுறி வரும் முன்பே வீட்டில் மாஸ்க் அணிந்திருந்த குடும்பங்களில் மற்றவர்களுக்குப் பரவுவது 79% குறைவாக இருந்தது. காய்ச்சல் வந்த பிறகு போட ஆரம்பித்த வீடுகளில் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை.

துணி, சர்ஜிக்கல், என்95: எது நல்லது?

வரிசை தெளிவானது. என்95 வகை, அடுத்து சர்ஜிக்கல், கடைசியில் துணி. முதலுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம் வடிகட்டும் துணியில் இருப்பதைவிட ஓரத்தில்தான் இருக்கிறது. நல்ல சர்ஜிக்கல் மாஸ்க்கின் நடு அடுக்கும் அதே மின்னேற்றிய பாலிபுரொப்பிலீன்தான். ஆனால் அது கன்னத்தின் இரு பக்கமும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். காற்றுக்குச் சுலபமான வழி இருக்கும்போது வடிகட்டிக்குள் ஏன் நுழைய வேண்டும்?

ஜெர்மனியின் கோட்டிங்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2021 டிசம்பரில் வெளியிட்ட கணக்கு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. தொற்றுள்ளவரும் இல்லாதவரும் அருகருகே 20 நிமிடம் இருக்கிறார்கள். இருவரும் மூக்குப் பட்டையை அழுத்திப் பொருத்திய எஃப்எஃப்பி2 அணிந்திருந்தால், தொற்றும் வாய்ப்பு மிஞ்சிப்போனால் ஆயிரத்தில் ஒன்று. அதே எஃப்எஃப்பி2 சரியாகப் பொருந்தாவிட்டால் ஏறத்தாழ 4%. நன்றாகப் பொருந்திய சர்ஜிக்கல் மாஸ்க் என்றால் அதிகபட்சம் 10%. மாஸ்க் இல்லாமல் 3 மீட்டர் தள்ளி நின்றாலும், தொற்றுள்ளவர் பேசும் மூச்சு நேரே எதிரில் வந்தால் 5 நிமிடத்துக்குள் தொற்று ஏறக்குறைய நிச்சயம். இவை எல்லாம் மிக மோசமான சூழலை வைத்துப் போட்ட உச்சவரம்புகள். அன்றாட வாழ்வில் ஆபத்து இதைவிடக் குறைவாகவே இருக்கும். நான் பார்க்கச் சொல்வது ஆயிரத்தில் ஒன்று என்பதற்கும் நூறில் நான்கு என்பதற்கும் உள்ள இடைவெளியை. மாஸ்க் ஒன்றேதான், மூக்கின் மேல் ஓர் அழுத்து அழுத்தியதுதான் வேறு.

துணி மாஸ்க்கைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஹனோய் நகரத்தின் 14 மருத்துவமனைகளில் 1607 பணியாளர்களை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2015இல் வந்தது. துணி மாஸ்க் அணிந்தவர்களுக்குத்தான் தொற்று அதிகம். ஆய்வகத்தில் அந்தத் துணி 97% துகளை உள்ளே விட்டது. சர்ஜிக்கல் மாஸ்க் 44% விட்டது. வேறு எதுவும் கிடைக்காதபோது துணி பரவாயில்லை. கிடைக்கும்போது அதை எடுப்பதற்குக் காரணம் இல்லை.

மாஸ்க்கால் பயனில்லை என்று ஆய்வுகளே சொல்லிவிட்டனவாமே?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். ஒன்றையொன்று மறுப்பது போலத் தோன்றும் இந்த ஆய்வுகள் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை.

டென்மார்க்கில் 2020 ஏப்ரல், மே மாதங்களில் சுமார் 6000 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 50 சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்து, வெளியே போகும்போது அணியச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து, மாஸ்க் குழுவில் 1.8% பேருக்குத் தொற்று, மற்றதில் 2.1%. வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுக்குச் சிறியது. ஆனால் சொன்னபடியே எப்போதும் அணிந்ததாகச் சொன்னவர்கள் 46% பேர்தான். ஊரில் மற்றவர்கள் பெரும்பாலும் அப்போது மாஸ்க் போடவில்லை. அணிந்தவர் தப்பினாரா என்று மட்டும் பார்த்தார்கள். அவரிடமிருந்து பிறருக்குப் பரவாமல் தடுத்ததா என்பது கணக்கிலேயே வரவில்லை. மாஸ்க்கின் பெரிய வேலை எதுவோ அதை அளக்காமல் விட்ட ஆய்வு இது.

வங்காளதேசத்தில் 2020 நவம்பரிலிருந்து 600 கிராமங்களில், 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனை இதற்கு நேர் எதிர். பாதிக் கிராமங்களில் மாஸ்க்கை வீடு வீடாக இலவசமாகக் கொடுத்து, ஆள் வைத்து நினைவூட்டினார்கள். அணிபவர்கள் 13%இலிருந்து 42% ஆனார்கள். அதாவது இத்தனை பாடுபட்டும் பாதிக்கு மேல் அணியவில்லை. அப்படியிருந்தும் இரத்தப் பரிசோதனையில் உறுதியான, அறிகுறியுள்ள தொற்று சுமார் 9% குறைந்தது. சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் 11%, அங்கேயே 60 வயதைக் கடந்தவர்களிடம் 35%. துணி மாஸ்க் கொடுத்த ஊர்களில் தெளிவான முடிவு கிடைக்கவில்லை. இதிலும் ஓட்டை சொல்லலாம்: மாஸ்க் கொடுத்த ஊர்களில் மக்கள் சற்றுத் தள்ளி நிற்கவும் தொடங்கியிருந்தார்கள்.

நார்வேயில் 2023இல் 4600க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையில், பொது இடங்களில் 14 நாள் சர்ஜிக்கல் மாஸ்க் அணியச் சொன்ன குழுவில் 8.9% பேரும், அணியாத குழுவில் 12.2% பேரும் சளி, இருமல் போன்ற அறிகுறிகளைச் சொன்னார்கள். அவர்களே சொன்ன கணக்கு என்பதை மறக்கக் கூடாது.

இனி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் அதிகம் பேசப்பட்ட தொகுப்பு. 78 சோதனைகளை ஒன்றாகப் பார்த்து 2023 ஜனவரியில் வெளியானது. மாஸ்க்கால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று அது சொன்னதும், 'மாஸ்க் வேலை செய்யாது என்று நிரூபணமாகிவிட்டது' என்று தலைப்புகள் பறந்தன. மார்ச் மாதமே கோக்ரேனின் தலைமை ஆசிரியர், அப்படிப் பொருள் கொள்வது தவறானது, திசைதிருப்புவது என்று அறிக்கை விட்டார். தொகுப்பு பார்த்தது, மாஸ்க் அணியும்படி மக்களைத் தூண்டும் திட்டங்கள் பரவலைக் குறைத்தனவா என்பதை. அதற்கும் முடிவு உறுதியாக இல்லை என்பதே விடை.

எனக்குத் தெரிந்தவரை, சண்டை முழுவதும் இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்வதால் வருகிறது. முகத்தில் சரியாக இருக்கும் மாஸ்க் துகளைத் தடுக்கிறதா? தடுக்கிறது; அது இயற்பியல், வாதத்துக்கு இடமில்லை. 'மாஸ்க் போடுங்கள்' என்று சொன்னால் ஓர் ஊரில் நோய் குறைகிறதா? அது மக்கள் போடுகிறார்களா, எப்படிப் போடுகிறார்கள், எங்கே கழற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மருந்தை விழுங்காதவரையும் கணக்கில் சேர்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்வதில் எவ்வளவு நியாயம் உண்டோ, அவ்வளவுதான் இதிலும். ஓர் அரசு திட்டம் போடும்போது விழுங்காதவரையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்பதும் உண்மை.

2020 தொடக்கத்தில் வேண்டாம் என்றவர்கள் பிறகு ஏன் கட்டாயம் என்றார்கள்?

மாஸ்க் தட்டுப்பாடு, தப்பான அனுமானம் இரண்டும் சேர்ந்து செய்த வேலை. மருத்துவமனைகளுக்கே போதாது என்ற பயத்தில் 2020 பிப்ரவரி இறுதியில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 'மாஸ்க் வாங்குவதை நிறுத்துங்கள்' என்று பொதுமக்களுக்கு எழுதினார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பொதுமக்களுக்கு அதனால் பலனும் இல்லை என்று சேர்த்துச் சொன்னதுதான் பிழை. மருத்துவருக்குப் பலன் தருவது மற்றவருக்கு எப்படித் தராமல் போகும் என்று யாரும் கேட்பார்கள் அல்லவா? அறிகுறி இல்லாதவரும் பரப்புகிறார் என்பது தெளிவானதும் ஏப்ரல் 3 அன்று அமெரிக்கா பொதுமக்களை முகத்தை மூடச் சொன்னது. ஜூன் 5 அன்று உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது. புதிய தகவல் வந்து கருத்தை மாற்றுவதில் தவறில்லை. பழைய கருத்தை அத்தனை உறுதியோடு சொல்லியிருக்க வேண்டியதில்லை.

இது கோவிட் காலத்தில் வந்த வழக்கம்தானே?

நூறாண்டுக்கும் மேல் பழையது. பேசும்போது தெறிக்கும் துளியில் கிருமி இருப்பதை ஜெர்மன் கிருமியியலாளர் கார்ல் ஃப்ளூகே காட்ட, அவரோடு பணியாற்றிய அறுவை மருத்துவர் மிக்குலிட்ஸ் 1897இல் வாயில் துணி கட்டிக்கொண்டு அறுவை செய்தார். அப்போது நோக்கம் நோயாளியின் காயத்தைக் காப்பது.

தொற்றுநோயைத் தடுக்கப் பலரும் அணியும் பொருளாக அதை மாற்றியவர் பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென்தே. 1910 கடைசியில் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் கொள்ளைநோய் (பிளேக்) வெடித்தபோது சீன அரசு அவரை அங்குள்ள ஹார்பின் நகரத்துக்கு அனுப்பியது. எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்று எல்லோரும் நம்பிய காலம். ஓர் உடலைப் பரிசோதித்து, இது நுரையீரலைத் தாக்கும் வகை, மூச்சுவழியே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்றார் வூ. பஞ்சை வலைத்துணியில் சுற்றி முகத்தில் இறுகக் கட்டும் மாஸ்க்கை வடிவமைத்தார். அனுபவசாலியான மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த இளைஞரின் பேச்சைப் பொருட்படுத்தாமல் மாஸ்க் இன்றியே நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் அதே நோயில் இறந்தார். அதன்பின் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சுமார் 60,000 பேரைப் பலிகொண்ட அந்த நோய் 1911 வசந்தத்துக்குள் அடங்கியது. தனிமைப்படுத்தல், ரயில் தடை, சடலங்களை எரித்தல் எல்லாம் சேர்ந்துதான் அடக்கின. மாஸ்க் அவற்றில் ஒன்று.

எதிர்ப்பும் பழையதுதான். 1918 ஃப்ளூவின்போது மாஸ்க்கைக் கட்டாயமாக்கிய சான்பிரான்சிஸ்கோவில், 1919 ஜனவரியில் 'மாஸ்க் எதிர்ப்புக் கழகம்' என்ற பெயரிலேயே ஓர் அமைப்பு இயங்கியது.

ஆக்சிஜன் குறையுமா? கார்பன் டை ஆக்சைடு தேங்குமா?

உடல்நலம் உள்ளவருக்குக் கவலைப்படும் அளவுக்கு இல்லை. ஆக்சிஜன் மூலக்கூறு வைரஸைவிட ஏறத்தாழ 300 மடங்கு சிறியது. இழைகளுக்கு நடுவே தடையில்லாமல் போய்வரும். மாஸ்க்கை மணிக்கணக்கில் அணிந்து அறுவை செய்கிறவர்கள் மயங்கி விழுவதில்லை. புழுக்கமும் மூச்சிழுக்கக் கூடுதல் சிரமமும் என்95இல் நிச்சயம் உண்டு. அது கற்பனை இல்லை. கடுமையான ஆஸ்துமாவோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு அணியட்டும்.

மூக்குக்குக் கீழே போட்டால்?

போடாதது மாதிரிதான். பெரும்பாலான நேரம் நாம் மூச்சுவிடுவது மூக்கு வழியாகத்தானே.

சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூக்குக்கண்ணாடி அணிபவருக்குச் சோதனைக் கருவி முகத்திலேயே இருக்கிறது. மூச்சுவிடும்போது கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல்பக்கம் காற்று ஒழுகுகிறது. மற்றவர்கள் மாஸ்க்கின் ஓரம் முழுக்கக் கையைக் குவித்து வைத்துப் பலமாக ஊதிப் பாருங்கள். சூடான காற்று எங்கே படுகிறதோ அங்கே ஓட்டை. மூச்சை இழுக்கும்போது மாஸ்க் சற்று உள்ளே ஒட்டினால் நல்ல அறிகுறி. ஆடாமல் அசையாமல் அப்படியே நின்றால் காற்று பக்கவாட்டில் வருகிறது.

மூக்குக் கம்பியை இரு கைவிரலாலும் மூக்கின் வடிவத்துக்கு அழுத்த வேண்டும். ஒற்றைக் கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து இரு பக்கமும் தூக்கிக்கொள்ளும். சர்ஜிக்கல் மாஸ்க்கில் காதுப்பட்டையை மாஸ்க்கின் ஓரத்தை ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு, துருத்தும் மடிப்பை உள்ளே செருகினால் கன்னத்து ஓட்டை வெகுவாக அடையும். அதன்மேல் ஒரு துணி மாஸ்க்கை இறுக்கமாகப் போட்டாலும் அதே பலன்; அங்கே துணி வடிகட்டியாக வேலை செய்வதில்லை, அழுத்திப் பிடிக்கும் பட்டையாகத்தான். தலைக்குப் பின்னால் போகும் பட்டையுள்ள என்95, காதில் மாட்டுவதைவிட இறுக்கமாக நிற்கும்.

தாடி இருந்தால் என்95 முழுப் பலன் தராது. ஓரம் தோலைத் தொட வேண்டும், முடியை அல்ல.

துவைத்துத் திரும்பப் போடலாமா?

துணியைத் தாராளமாகச் சோப்புப் போட்டுத் துவைக்கலாம். சர்ஜிக்கலையும் என்95ஐயும் துவைக்கவே கூடாது. மேலே சொன்ன மின்னேற்றம் சோப்பிலும் ஆல்கஹாலிலும் அழிந்துவிடும். பார்க்க அப்படியே இருக்கும், பாதிச் சக்தி போயிருக்கும். சானிடைசர் தெளித்துச் சுத்தப்படுத்துவதும் அதே தவறு. என்95ஐ மீண்டும் அணிய வேண்டியிருந்தால் காகிதப் பையில் போட்டுச் சில நாள் உலரவிட்டு எடுக்கலாம். பட்டை தளர்ந்தாலோ, ஈரமானாலோ, அழுக்கேறினாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். தூக்கிப் போடும்போது காதுப்பட்டையை வெட்டிவிட்டால் பறவைகளின் காலில் சிக்காது.

வால்வு வைத்த மாஸ்க்?

அணிந்தவரைக் காக்கும். வெளிவிடும் மூச்சு வால்வு வழியே வடிகட்டாமல் போகும் என்பதால் பலரும் அதை முற்றிலும் ஒதுக்கினார்கள். அளந்து பார்த்தபோது, வால்வு உள்ள என்95கூட சாதாரண சர்ஜிக்கல் அல்லது துணி மாஸ்க்குக்குக் குறையாமல் பிறரைக் காப்பது தெரிந்தது. வால்வு இல்லாதது இன்னும் நல்லது, அவ்வளவே.

திறந்த வெளியில் வேண்டுமா?

நடந்துபோகும்போது தேவையில்லை. நெருக்கியடித்து நின்று கத்தும் கூட்டமென்றால் யோசியுங்கள்.

குழந்தைகளுக்கு?

இரண்டு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். மூச்சுத் திணறினால் அவர்களால் கழற்ற முடியாது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் சொன்னது: 5 வயதுவரை கட்டாயப்படுத்தாதீர்கள், 12 வயதிலிருந்து பெரியவர்களைப் போலவே, நடுவில் உள்ளவர்களுக்குச் சூழ்நிலையைப் பார்த்து முடிவெடுங்கள்.

ஃப்ளூ போன்ற மற்ற வைரஸ்களுக்கும் உதவுமா?

மூச்சுவழி பரவும் எதற்கும் உதவும்; இழைக்கு வைரஸின் பெயர் தெரியாது. 2020–21இல் உலகம் முழுக்க ஃப்ளூ ஏறக்குறைய காணாமல் போனது. பி வகை ஃப்ளூவின் யமகதா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகக் கண்டறியப்படவே இல்லை. தடுப்பூசியிலிருந்தே அதை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். பள்ளி மூடல், பயணத் தடை எல்லாம் அப்போது இருந்தன. எனவே பெருமையை மாஸ்க்குக்கு மட்டும் தர முடியாது.

வீட்டில் ஒருவருக்குத் தொற்று. என்ன செய்யலாம்?

சன்னலைத் திறவுங்கள், அதுதான் முதல் வேலை. முடிந்தால் தனி அறை. அந்த அறைக்குள் மற்றவர் நுழையும்போது நோயாளி மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும், பார்த்துக்கொள்பவர் என்95 போடட்டும். தூங்கும்போது நோயாளிக்கு வேண்டாம். பார்த்துக்கொள்பவர் வெளியே வந்தபின் பட்டையைப் பிடித்துக் கழற்றி, முன்பக்கத்தைத் தொடாமல் வைத்துவிட்டுக் கை கழுவினால் போதும்.

எல்லோரும் கழற்றிவிட்டார்கள். நான் மட்டும் போட்டு என்ன பயன்?

இருவரும் போட்டால் கிடைக்கும் பெருக்கல் கணக்கு கிடைக்காது. உங்கள் பக்கத்துப் பாதுகாப்பு மட்டும் மிஞ்சும். அந்த நிலையில் சர்ஜிக்கலைவிட என்95 எடுப்பது புத்திசாலித்தனம், ஏனென்றால் மிதந்து வரும் துகளைத்தான் நீங்கள் தடுக்க வேண்டியிருக்கிறது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், வயதில் மூத்தவர்கள் இப்படித்தான் இன்றும் வெளியே போகிறார்கள். நாள் முழுக்கப் போட முடியாது என்றால் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்: மருத்துவமனைக் காத்திருப்பறை, லிஃப்ட், சன்னல் திறக்காத பேருந்து. மூன்று மணி நேரப் பயணத்தில் ஐந்து நிமிடம் தண்ணீர் குடிக்கக் கழற்றினால் மீதி நேரத்துப் பலன் போய்விடாது. எதிர் இருக்கைக்காரர் இருமிக்கொண்டிருக்கும்போது மட்டும் பாட்டிலைத் திறக்காதீர்கள்.